ஓயாத கணினியும் காத்திருக்கும் இல்லமும்

நிக்காஹ் அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை, மாநாட்டுச் சுவரொட்டி, நூலின் மேலட்டை, மசாலாப் பொட்டலத்தின் உறை என்று எதைக் கையில் எடுத்தாலும் அதன் பின்னால் ஒருவர் கண்விழித்து உழைத்திருக்கிறார். வரைகலைஞர் என்பது அவருக்கு ஏட்டில் வழங்கும் பெயர். ஊரார் அறிந்த பெயர் டிசைனர். நம் சமுதாய இளைஞர் பலரும், வீட்டிலிருந்தபடியே பொருளீட்ட விரும்பும் பட்டதாரிப் பெண்மக்களும் இத்தொழிலை நாடி வருகின்றனர். கடை வாடகை இல்லை; சரக்குத் தேங்குவதில்லை; ஒரு கணினியும் கைத்திறனும் இருந்தால் போதும். பெண் கொடுப்போருக்கும் மனநிறைவு. மாப்பிள்ளை வளைகுடாவுக்குப் போகாமல் வீட்டோடு இருந்து சம்பாதிக்கிறார் அல்லவா?

அந்த மனநிறைவு நியாயமானதே. ஆயினும் திருமணமாகி ஈராண்டு சென்றபின் அதே பெண்ணிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கிறது. கணவர் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் உணவுத் தட்டைக் கணினியின் பக்கத்தில் வைத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வருவதாகச் சொன்னவர், "ஒரு கரெக்ஷன் வந்துவிட்டது" என்று தங்கிவிடுகிறார். இரவு இரண்டு மணிக்குப் படுத்தவருக்கு ஸுப்ஹுத் தொழுகை தவறுகிறது. இவற்றையெல்லாம் பேராசை என்றோ ஒழுங்கின்மை என்றோ மேடையில் கண்டித்துவிட்டுப் போவது எளிது. அத்தகைய கண்டனங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. இத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகளும் அல்லர். பணத்தாசை பிடித்தவர்களும் அல்லர். அவர்களுடைய தொழிலிலிருந்து 'வேலை முடிந்தது' என்னும் கட்டம் காணாமற் போயிருக்கிறது. நோயின் வேர் அங்கே இருக்கிறது.

முற்றுப்புள்ளி இருந்த காலம்

எழுத்தை அழகுறச் செய்யும் தொழில் நமக்குப் புதிதன்று. நம் முன்னோரின் அரபுத் தமிழ் நூல்கள் பல கல்லச்சில் வெளிவந்தவை. காத்திப் ஒருவர் எண்ணெய்ப் பசையுள்ள மையால் பக்கத்தை எழுதுவார். அது கல்லின்மேல் படியெடுக்கப்படும். கல்லிலிருந்து தாளுக்கு அச்சாகும். கல்லில் ஏறிய எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே திருத்தம் எல்லாம் கல்லுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

சென்னை திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய பள்ளிவாசலின் அருகே 1927ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'முசல்மான்' உர்தூ நாளேட்டை நம்மில் பலர் அறிவர். கணினி வந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் கையெழுத்திலேயே அது வெளிவந்தது. நான்கே பக்கங்கள். ஒரு பக்கத்தை எழுதி முடிக்கக் காத்திபுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து, பிளேட் ஆக்கி, பொறியில் ஏற்றுவர். மாலையில் பத்திரிகை விற்பனைக்கு வந்துவிடும். பிளேட் போனபின் காத்திபுக்கு அன்றைய வேலை இல்லை. அவருடைய ஊதியம் குறைவு என்பது வேறு விஷயம். மாலைப் பொழுது அவருடையதாக இருந்தது.

ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சடித்த காலத்திலும் இப்படித்தான். ஒரு வரியில் ஒரு சொல் கூடினால் அடுத்த பத்து வரிகளையும் கம்பாசிட்டர் பிரித்து மீண்டும் கோக்க நேரும். படம் மாற வேண்டுமென்றால் புதிய பிளாக் செய்ய வேண்டும். அதற்குத் தனிப் பணம். இதை வாடிக்கையாளரும் அறிந்திருந்தார். புரூஃபைக் கையில் வாங்கியதும் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி வைத்து, ஒருமுறைக்கு இருமுறை படித்து, கையெழுத்திட்டுத் திருப்பித் தருவார். திருத்தத்துக்கு விலை இருந்தது. அந்த விலையே அச்சகத் தொழிலாளியின் இரவுக்குக் காவலாக நின்றது.

கணினி கொண்டுபோனது

1985ஆம் ஆண்டு 'பேஜ்மேக்கர்' என்னும் மென்பொருள் வந்தது. 1989இல் 'கோரல் டிரா', 1990இல் 'ஃபோட்டோஷாப்'. தமிழகத்தின் சிற்றூர்களிலும் டி.டி.பி. நிலையங்கள் முளைத்தன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. சிறிய மதரஸா கூடத் தன் பாடநூலை அழகாக அச்சிட முடிந்தது. எனினும், ஓர் எழுத்தை மாற்றுவதும் ஒரு பக்கத்தையே மாற்றுவதும் விசையைத் தட்டும் வேலையாகிவிட்டபோது, திருத்தத்தின் விலை வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. அவ்விலை ஒழிந்துபோகவில்லை. அதைச் செலுத்துபவர் மாறிவிட்டார். இன்று டிசைனரின் மனைவி மக்கள் அதைச் செலுத்துகின்றனர்.

பிறகு கைப்பேசியும் வாட்ஸ்அப்பும் வந்து, கடைக் கதவைச் சாத்தும் வழக்கத்தையும் எடுத்துச் சென்றன. 2013இல் தொடங்கிய 'கேன்வா' போன்ற வசதிகளைக் கொண்டு எவரும் ஒரு வாழ்த்து அட்டையைத் தாமே ஆக்கிக்கொள்ளலாம் என்றானபின், "இதற்கு இவ்வளவு கூலியா? என் மகன் போனிலேயே செய்கிறான்" என்னும் பேச்சும் சேர்ந்துகொண்டது. கூலி குறைந்தால் அதிக வேலை ஏற்க வேண்டும். அதிக வேலை ஏற்றால் இரவு நீளும்.

வெளியார் காணாத உழைப்பு இதில் எவ்வளவு என்பதற்கு நம் வீட்டு நிக்காஹ் அழைப்பிதழே போதிய சான்று. அதில் தமிழ் உண்டு, அரபு உண்டு. சில குடும்பங்களில் உர்தூவும் ஆங்கிலமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் தமிழ் யூனிகோட் முறையில் இருக்கும். டிசைனரிடம் உள்ள அழகிய எழுத்துருக்கள் பலவும் பழைய முறையில் அமைந்தவை. மாற்றும்போது எழுத்துக்கள் சிதறும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சீராக்க வேண்டும். அரபு வலமிருந்து இடமாகச் செல்வது. எழுத்துக்கள் ஒன்றோடொன்று இணைந்து உருமாறுவது. அதற்கான வசதியை அமைத்துக்கொள்ளாத மென்பொருளில் பிஸ்மியைப் பதித்தால் எழுத்துக்கள் தனித்தனியே பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். அரபு படிக்கத் தெரியாத டிசைனருக்கு அது பிழை என்றே தெரியாது. அப்படி அச்சாகி வந்த அழைப்பிதழ்களைப் பலரும் பார்த்திருக்கலாம்.

இவையெல்லாம் டிசைனரின் திறமையால் தீர்பவை. தீராதது, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழே வரும் பெயர்ப் பட்டியல்! முதல் நாள் பன்னிரண்டு பெயர்கள் வரும். மறுநாள் பெண் வீட்டார் நால்வரைச் சேர்ப்பர். அச்சுக்குப் போகும் வேளையில் சின்ன மாமாவின் பெயர் பெரிய மச்சானின் பெயருக்குக் கீழே வந்துவிட்டதென்று ஒரு மனத்தாங்கல். ஹாஜி என்பது ஒருவர் பெயருக்கு முன் இருக்கிறது. சென்ற ஆண்டு ஹஜ்ஜை நிறைவேற்றிய இன்னொருவருக்கு இல்லை. இரவு பதினொன்றுக்குத் தொலைபேசி ஒலிக்கும். பேசுபவர் அன்போடுதான் பேசுவார்: "தம்பி, ஒரே ஒரு சின்ன மாற்றம்!" அந்தச் சின்ன மாற்றத்துக்காக வரிகள் நகர, மலர்க்கொடி விலக, மண்டபத்தின் முகவரி அடுத்த பக்கத்துக்குப் போக, நள்ளிரவு தாண்டிவிடும்.

நிறத்தைப் பற்றிய வழக்கும் இதைப் போன்றதே. கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளால் நிறம் காட்டுவது. அச்சுப்பொறியோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் நிறம் உண்டாக்குவது. திரையில் மின்னும் பச்சையை மை அப்படியே தந்துவிடாது. இதை முன்கூட்டியே வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டால் ஒரு நிமிடம். சொல்லாமல் விட்டால் ஒரு வாரச் சச்சரவு.

தையற்காரரும் சாயமிடுவோரும்

நம் ஃபிக்ஹு நூல்களில் இஜாரா என்னும் பாடத்தை மாணவர்கள் ஓதுகின்றனர். கூலிக்கு வேலை செய்வது பற்றிய சட்டங்கள் அவை. செய்யவேண்டிய வேலை இன்னதென்றும், அதற்கான கூலி இவ்வளவென்றும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. 'முதலில் செய்து கொடு, பிறகு பார்த்துக் கொடுப்போம்' என்பது நம் ஊர்களில் பெருந்தன்மையாகக் கருதப்படுகிறது. சட்டத்தின் பார்வையில் அது தெளிவற்ற ஒப்பந்தம், பிணக்குக்கு வாசல்.

ஹனஃபீ சட்ட அறிஞர்கள் கூலியாளரை இரு வகையாகப் பிரிப்பர். ஒருவர் அஜீர் காஸ். குறித்த காலத்துக்கு ஒரே முதலாளியிடம் தம் நேரத்தை ஒப்படைத்தவர். மற்றவர் அஜீர் முஷ்தரக். பலரிடமும் வேலை பெற்றுச் செய்து கொடுப்பவர். தையற்காரரும் சாயமிடுவோரும் இதற்கு நூல்கள் காட்டும் உதாரணங்கள். முன்னவருக்கு நேரத்துக்காகக் கூலி. பின்னவருக்கு முடித்துக் கொடுத்த வேலைக்காகக் கூலி.

நிறுவனத்தில் மாத ஊதியம் பெறும் டிசைனர் முதல் வகையினர். ஒப்புக்கொண்ட நேரம் முதலாளிக்குரிய அமானிதம். அந்நேரத்தில் மறைவாக வெளிவேலை செய்வது தவறு. அதற்கெனக் கூறப்படும் சமாதானங்கள் எவையும் நிற்கா. அதேபோல ஒப்புக்கொண்ட நேரத்துக்கு வெளியே முதலாளிக்கு அவர்மீது உரிமை இல்லை. வீட்டிலிருந்து தனியே தொழில் செய்பவரோ இரண்டாம் வகையினர். வாடிக்கையாளருக்கு உரியது வேலை மட்டுமே. டிசைனரின் நேரம் எவருக்கும் விற்கப்படவில்லை. தைக்கக் கொடுத்த சட்டைக்காக நள்ளிரவில் தையற்காரரின் கதவை எவரும் தட்டுவதில்லை. வரைகலைஞரின் கதவு மட்டும் தட்டப்படுகிறது. கூலி கொடுப்பது அஜீர் முஷ்தரக் என்ற கணக்கில். எதிர்பார்ப்பதோ அஜீர் காஸ் போல, அதிலும் இருபத்துநான்கு மணி நேரமும்! இந்த முரணைப் பல டிசைனர்களே உணர்ந்திருக்கவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவதைப் பற்றியது அது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்வதில் சலிப்படைய வேண்டாமென்றும் அங்கே அறிவுறுத்தப்படுகிறது. உறவினரிடம் எழுதி வாங்குவது நாகரிகமல்ல என்று நாம் தயங்குகிறோம். உறவு நிலைக்கவே எழுதிக்கொள்ளச் சொல்லப்படுகிறது.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் இது கைகொடுத்தது. கடலோர ஊரைச் சேர்ந்த இளைஞர். மதரஸாவில் என்னிடம் ஓதியவர். நல்ல கைத்திறன் உடையவர். சில ஆண்டுகளுக்கு முன் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு அவருடைய மாமியார் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகளைத் தம்மோடு அழைத்துச் செல்ல அனுமதி கேட்பதுபோல் இருந்தது அந்த அம்மையாரின் பேச்சு. மருமகன்மீது வேறு குற்றம் எதுவும் சொல்லவில்லை. மகள்தான் மெல்லிய குரலில் சொன்னார்: "ஹஜ்ரத், முப்பது நோன்பில் எங்களோடு உட்கார்ந்து நோன்பு திறந்தது ஆறு நாள்." ஏழெட்டு ஊர்ப் பள்ளிவாசல்களுக்கு ஸஹர், இஃப்தார் நேர அட்டையை வடிவமைத்தவர் அந்த இளைஞர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவரை வரவழைத்துப் பேசினோம். மனைவிமேல் பிரியமில்லாதவர் அல்லர். மறுத்துச் சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்னும் அச்சமே அவரை ஆட்டிவைத்தது. அன்று ஒரு தாளில் எழுதினோம். பாதிக் கூலி முன்பணம். இருமுறை திருத்தம் கூலியில் அடக்கம். மூன்றாவது முதல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அழைப்பிதழாயின் பெயர்ப் பட்டியலை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். வேறு எவர் சொல்லும் மாற்றமும் அவர் வழியாகவே வரவேண்டும். இறுதி நிறம் அச்சுப் புரூஃபில் பார்த்து ஒப்புக்கொள்வது. கைப்பேசித் திரையில் அல்ல. அசல் கோப்பு வேண்டுமென்றால் அதற்கு விலை வேறு. இஷாவுக்குப் பின் காலை ஒன்பது மணி வரை தொழில் தொலைபேசி அணைந்திருக்கும். இத்தாளை அழகாக வடிவமைத்து, வேலை கேட்டு வருபவருக்கெல்லாம் முதலில் அனுப்பும்படி சொன்னேன்.

உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. பழைய வாடிக்கையாளர் சிலர் "பெரிய ஆளாகிவிட்டார்" என்று விலகினர். அவர்களுள் உறவினரும் உண்டு. வருமானம் முன்னிருந்த அளவுக்குத் திரும்ப ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. இன்றும் சில மாதங்கள் இறுக்கமாகவே செல்கின்றன. ஆனால் மனைவி தாய்வீட்டுக்குப் போகவில்லை. கட்டணம் வைத்தபின் மூன்றாவது திருத்தம் கேட்பவர் அரிதாகிவிட்டனர் என்று அவரே வியந்து சொன்னார்.

ஸல்மான் (ரலி) கண்டது

அபுத் தர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) சென்ற செய்தியை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். புகாரியில் பதிவான செய்தி. அங்கே முதலில் ஸல்மான் அவர்களின் கவனத்தை ஈர்த்தது, அந்த வீட்டு அம்மையாரின் பேணப்படாத தோற்றம். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. இறைவனுக்குரிய உரிமையோடு உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளும் உண்டு என்று ஸல்மான் எடுத்துச் சொன்னார்; நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதை உண்மையென ஏற்றார்கள். இரவெல்லாம் நின்று வணங்கியவருக்கே இந்த அறிவுரை என்றால், இரவெல்லாம் அமர்ந்து ஃபிளக்ஸ் பலகைக்கு வண்ணம் மாற்றுபவரைப் பற்றி என்ன சொல்வது!

தொழுகை நேரங்களைத் தொழிலுக்கு இடையூறாக எண்ணும் இளைஞர்கள் இருக்கிறார்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது மனிதர் இமைப்பது குறைகிறது; கண் வறள்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவிலுள்ள பொருளை இருபது வினாடி பார்க்கும்படி கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கழுத்தும் முதுகும் நிமிர வேண்டுமென்றும் சொல்கிறார்கள். பாங்கு கேட்டதும் எழுந்து, ஒளூச் செய்து, பள்ளிவாசல் வரை நடந்து திரும்புபவருக்கு இவற்றில் பெரும்பகுதி தாமே கிடைத்துவிடுகின்றன. துருக்கிய எழுத்துக்கலையின் தந்தை எனப் போற்றப்படும் ஷைகு ஹம்துல்லாஹ் (மறைவு 1520) சிறந்த வில்லாளியாகவும் விளங்கியவர். எழுதுகோல் பிடித்த விரல்கள் நாணையும் இழுத்தன.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதை நபிகள் நாயகம் (ஸல்) விரும்பவில்லை. காலைப் பொழுதில் தம் சமுதாயத்துக்குப் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள். அந்த நபிமொழியை அறிவித்த ஸக்ர் (ரலி) ஒரு வணிகர். தம் சரக்கை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வம் பெருகியவர். ஸுப்ஹுக்குப் பின் வரும் இரண்டு மூன்று மணி நேரத்தைப் போல டிசைனருக்கு வாய்ப்பான பொழுது வேறில்லை. வாடிக்கையாளர் எவரும் விழித்திருக்க மாட்டார்!

பெண் டிசைனர்களின் நிலை இன்னும் கடினம். கணினி சமையலறையை ஒட்டியே இருக்கிறது. வேலை செய்வதை வீட்டார் வேலையாகக் கருதுவதில்லை. "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், வெங்காயத்தை உரித்துக் கொடு" என்று மாமியாரும் கேட்பார், வாப்பாவும் கேட்பார். அவள் ஈட்டிய கூலி மார்க்கப்படி அவளுக்கே சொந்தம் என்பதும் பல வீடுகளில் மறக்கப்படுகிறது. நாளில் நான்கு மணி நேரமாவது கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும், அந்நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். கணவர் அதை வாய்விட்டு வீட்டாரிடம் சொல்ல வேண்டும். அவளையே சொல்லவிட்டு ஒதுங்கிக்கொள்வது முறையன்று.

ஜமாஅத்தார் கவனத்துக்கு

நம் பொது அமைப்புகளும் இதில் விலக்கல்ல. பள்ளிவாசல் நிர்வாகம், மதரஸா ஆண்டு விழாக் குழு, நிவாரணக் குழு ஆகியவை அனைத்தும் 'தீன் வேலைதானே' என்று கூலியில்லாமல், அதுவும் முதல் நாள் இரவில், சுவரொட்டி கேட்கின்றன. தாமே மனமுவந்து செய்பவருக்கு நற்கூலி உண்டு. முகத்தாட்சண்யத்துக்கு அஞ்சிச் செய்பவரிடம் வாங்குவது வேறு. வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்னும் எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது. அது தனிமனிதருக்கு மட்டும் உரியதென்று நிர்வாகிகள் எண்ணிக்கொள்ள இடமில்லை.

ரமளான் நேர அட்டையையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் சூரியன் உதிக்கும், மறையும் நேரங்கள் ஆங்கிலத் தேதிப்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றே. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் ரமளான் முன்னே நகர்கிறது என்பதும் தெரிந்ததே. ஆகவே அட்டையிலுள்ள தேதிகளும் நேரங்களும் இரண்டு மாதங்களுக்கு முன்பே உறுதியானவை. பிறையைப் பொறுத்து மாறக்கூடியது, நோன்பின் எண் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்ற ஒரே ஒரு கட்டந்தான். இரு வகையாகவும் ஆயத்தம் செய்து வைத்துவிட்டால், பிறை உறுதியான இரவில் பொருத்தமானதை அச்சகத்துக்கு அனுப்ப ஐந்து நிமிடம் போதும். அப்படியிருந்தும் ஷஅபான் இருபத்தைந்துக்குப் பிறகே நம் நிர்வாகிகள் டிசைனரைத் தேடுகின்றனர். நன்கொடையாளர் பெயர்கள் சேரவில்லை என்பது காரணமாம். அப்பெயர்களை ரஜபிலேயே கேட்டு வாங்கி, எழுதி, கையொப்பமிட்டு, கூலியில் பாதியோடு கொடுத்துவிட்டால், ஷஅபான் பிறை இருபத்தொன்பதன் மஃரிபுக்குப் பின் அந்த டிசைனரும் தம் பிள்ளைகளோடு மொட்டை மாடியில் நின்று பிறை தேடலாம்.